லண்டன் வரை வந்துவிட்டான்

சாம்பியன் ரீப்ஸ்,
9 ஜூன் 2025

அன்புள்ள அண்ணா,

முதலில் நலம் என்று எழுதிவிடுகிறேன். அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். நீயும் நலமாக இரு. இனி நிஜத்தைச் சொல்கிறேன்.

இதைப் போனில் சொல்ல முடியாது. நம் வீடு உனக்குத் தெரியாததா? தங்கச் சுரங்கக் கம்பெனி காலத்து ஒன்றரை அறை. நீ கூப்பிட்டால் அம்மா உடனே ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள். நீ டொராண்டோவில் தும்மினால் பக்கத்து வீட்டு ஷோபா அக்கா இங்கே "நூறு வயசு" என்கிறாள். அம்மாவைக் கட்டிலில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பற்றி என்ன பேச? அதனால் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் ரயிலில் உட்கார்ந்து இந்த மெயிலை எழுதுகிறேன். பங்காருபேட்டை வரைதான் கையை நீட்ட முடியும். அதற்குப் பிறகு நாலு பேர் சீட்டில் ஏழு பேர்.

அம்மாவுக்கு இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை. சர்க்கரைதான் அரித்துவிட்டது என்கிறார் டாக்டர். போன மாதமே தெரியும். உனக்குச் சொல்லக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். அந்தச் சத்தியத்தை இன்றைக்கு ரயிலில் விட்டுவிட்டேன். வாரத்துக்கு மூன்று முறை கோலாரில் டயாலிசிஸ். ராமசாமி மாமாதான் கூட்டிப் போய்க் கூட்டி வருகிறார். மைன்ஸ் மூடி இத்தனை வருஷம் கழித்துத் தங்கச்சிக்காக மறுபடி டியூட்டியில் சேர்ந்துவிட்டாராம். அம்மாவுக்கு இதயமும் பலவீனம். மெஷினை எத்தனை நாள் தாங்குவாள் என்று சொல்ல முடியாது என்கிறார்கள்.

நேற்று அம்மா கேட்டாள். "ஏண்டி, அவன் கீற ஊர்லேர்ந்து இங்க வர்றதுக்கு எவ்ளோ நேரம் ஆவும்?"

தெரியாது என்றேன்.

"கேட்டுச் சொல்லு. சும்மாத்தான் கேக்குறேன்."

அம்மா எதையும் சும்மா கேட்டு நான் பார்த்ததில்லை. எவ்வளவு நேரம் ஆகும் அண்ணா? எப்போது வருகிறாய்?

வேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கை,
வெண்ணிலா

*

டொராண்டோ,
15 ஜூன் 2025

அன்புள்ள நிலா,

உன் மெயிலைப் படித்து ஒரு வாரமாகக் கையும் காலும் ஓடவில்லை. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு உப்பு கொடுக்காதே. கருவாட்டுக்கு அழுவாள், மனம் இளகிவிடாதே.

அம்மாவின் கேள்விக்குப் பதில். இங்கிருந்து பெங்களூர் பதின்மூன்றாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். நேர் விமானம் கிடையாது. டொராண்டோவில் ஏறினால் லண்டன் ஏழு மணி நேரம். அங்கே இறங்கிக் காத்திருந்து அடுத்த விமானத்தில் ஏறினால் பெங்களூர் பத்து மணி நேரம். எல்லாம் சேர்த்து ஒரு நாளுக்குக் கொஞ்சம் குறைவு. அம்மாவுக்கு மணிக்கணக்கு புரியாது. மூன்று ஷிப்ட் என்று சொல். அப்பா ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குப் போய், செகண்டும் பார்த்து, நைட்டும் முடித்து வந்தால் எவ்வளவோ அவ்வளவுதான் என்று சொல்.

எப்போது வருகிறேன் என்று கேட்டிருக்கிறாய். லீவு கேட்டிருக்கிறேன். கிடங்கு வேலை, திடீரென்று விடமாட்டார்கள். பார்த்துச் சொல்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம். உன் உடம்பையும் கவனி. ரயிலில் வாசல் படியில் நிற்காதே.

அன்புடன்,
வேந்தன்

*

சாம்பியன் ரீப்ஸ்,
21 ஜூலை 2025

அன்புள்ள அண்ணா,

நலம்தானே? நாங்கள் ஓடிக்கொண்டிருக்கிறோம்.

மூன்று ஷிப்ட் என்று சொன்னதும் அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அவ்ளோதானா? உங்க நைனா பண்டிகைக்கு லீவு வோணும்னு மூணு ஷிப்டு சேத்துப் பாத்துட்டு வந்து, குளிச்சிட்டு, என்னிய புத்த விகாரைக்கு இட்டுகினு போயிருக்காரு. இதுக்கா இவன் ஆறு வருசமா வரல?" என்று ஒரே சிரிப்பு. இப்போது நம் லைன் வீடுகள் முழுக்க இதுதான் பேச்சு. தண்ணீர் பிடிக்கப் போனால், "உங்கண்ணன் மூணு ஷிப்டு தூரத்துலதான் கீறானாமே?" என்கிறார்கள். எல்லாம் உன்னால் வந்தது. பதின்மூன்றாயிரம் கிலோமீட்டர் என்று சொல்லியிருந்தால் பயந்து பேசாமல் இருந்திருப்பாள். நீ அடுத்த தெருவுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டாய்.

மாமா தன் பங்குக்கு ஒரு வேலை செய்தார். எதிர்வீட்டு பாபுவைப் பிடித்து, விமானம் எங்கே போகிறது என்று காட்டும் ஆப்பைத் தன் போனில் போட்டுக்கொண்டார். உலகப் படத்தின் மேல் ஈ மொய்த்த மாதிரி விமானங்கள். லண்டனிலிருந்து பெங்களூர் வரும் விமானத்தைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். தினமும் சாயங்காலம் அது கிளம்புவதைப் பார்த்துவிட்டு, காலையில் வந்து அம்மாவிடம், "இன்னிக்கு வண்டி கரெக்ட் டைமுக்கு எறங்கிச்சு லீலா" என்று ரிப்போர்ட் கொடுக்கிறார்.

"நீ ஒண்ணுமே மாறலணா" என்றாள் அம்மா. "இஞ்சின் ரூம்ல ஒக்காந்துகினு டயல் முள்ளப் பாத்துகினே வேல செஞ்ச ஆளுதான?"

"அப்புறம் இன்னா? ஆளுங்கள ஏத்தி எறக்குற கேஜு பத்தாயிரம் அடி கீழ கீது. கண்ணுக்கா தெரியும்? முள்ளு சொல்றதுதான். முள்ளு பொய் சொல்லாது."

சிரிப்பெல்லாம் இருக்கட்டும். போன வாரம் மெஷினில் படுத்திருக்கும்போதே பிரஷர் இறங்கிவிட்டது. பாதியில் நிறுத்திக் கூட்டி வந்தார்கள். லீவு என்ன ஆச்சு? ஒரு வரி போடு போதும்.

பத்திரமாக இரு.

வெண்ணிலா

*

சாம்பியன் ரீப்ஸ்,
18 ஆகஸ்ட் 2025

அண்ணா,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நன்றாகத்தான் பேசுகிறாய். தக்காளி அங்கே என்ன விலை என்று அம்மாவிடம் சொல்கிறாய், ஏரி உறையும் கதை சொல்கிறாய். என் மெயிலுக்கு மட்டும் நாலு வாரமாகப் பதில் இல்லை. ஸ்பீக்கரில் நான் கேட்க முடியாது என்கிற தைரியம்.

அம்மா இப்போது கேட்பதை விட்டுவிட்டாள். கேட்டபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. கேட்காமல் இருப்பது பயமாக இருக்கிறது. நேற்று நானே, "அண்ணன் வருவான்மா" என்றேன். "அவன் வேலய கெடுக்காதடி" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கால் இரண்டும் வீங்கி, கொலுசு போட்ட இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது. விரலால் தொட்டால் தொட்ட இடம் அப்படியே நிற்கிறது.

வேலையை விட்டுவிட்டேன். கோலாருக்கு அம்மாவைத் தூக்கி ஏற்ற மாமா ஒருவரால் முடியவில்லை. இதற்கு நீ வருத்தப்பட்டு எழுத வேண்டாம். வருகிற தேதியை எழுது.

வெண்ணிலா

*

டொராண்டோ,
2 செப்டம்பர் 2025

அன்புள்ள நிலா,

நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வேலை தலைக்கு மேல் இருக்கிறது. இரவு ஷிப்ட் வேறு. உள்ளே போகும்போது போனை வாங்கி லாக்கரில் பூட்டிவிடுகிறார்கள்.

நீ வேலையை விட்டது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. எழுத வேண்டாம் என்றாய், இருந்தாலும் எழுதிவிட்டேன். காற்று அடிக்கும் நாளில் ஜன்னலைச் சாத்தி வை. சுரங்கக் கழிவு கொட்டிய சயனைட் மேட்டுத் தூசி அம்மாவுக்கு ஆகாது. பெங்களூரில் பெரிய டாக்டர் யாரிடமாவது காட்டலாமா என்று மாமாவைக் கேள்.

அக்டோபர் கடைசியில் கட்டாயம் வந்துவிடுவேன். இப்போதைக்கு இங்கிருந்து நகர்வதில் ஒரு சிறிய சிக்கல். பெரிதாக ஒன்றும் இல்லை. விளக்கமாகப் பிறகு எழுதுகிறேன்.

அம்மாவின் கால் பற்றி எழுதியிருந்தாயே, அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அன்புடன்,
வேந்தன்

*

சாம்பியன் ரீப்ஸ்,
26 செப்டம்பர் 2025

அண்ணா,

சுகமா?

விநாயக் ஊருக்கு வந்திருக்கிறான். உன்னோடு ஒரே அறையில் இருக்கிறவன். நீ சொன்ன அதே லண்டன் வழியாக, அதே மூன்று ஷிப்டில் வந்து சேர்ந்துவிட்டான். அம்மாவைப் பார்க்க ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தான். டயாலிசிஸ்காரிக்கு ஆரஞ்சு ஆகாது என்று அவனுக்குத் தெரியவில்லை, பாவம். அம்மா ஒன்றைக் கையில் வாங்கி, அவன் போகும் வரை முகர்ந்துகொண்டே இருந்தாள்.

வாசலில் நிறுத்திக் கேட்டேன். "எங்கண்ணனுக்கு அங்க இன்னா சிக்கல்?"

"அவன் சொல்லலையாக்கா?"

"சொன்னா உன்னிய எதுக்குக் கேக்குறேன்?"

"அவன்கிட்டயே கேளுக்கா. என் வாயப் புடுங்காத" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கூட இருக்கிறவன் கண்ணில் அவ்வளவு பயம் இருந்தால், சிக்கல் சிறியதாக இருக்க முடியாது.

சாக்குச் சொல்லிச் சொல்லி நாலு மாதம் கடத்திவிட்டாய். உனக்கு வர மனசில்லை என்றால் அதையாவது எழுது. அழுது தீர்த்துவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன். மனசு இருந்தும் வர முடியவில்லை என்றால், யார் தடுக்கிறார்கள் என்று சொல். எனக்குத் தெரியாமல் இருப்பதுதான் என்னைக் கொல்கிறது.

வெண்ணிலா

*

டொராண்டோ,
29 செப்டம்பர் 2025

அன்புள்ள நிலா,

உடம்பு நலம். மற்றது எதுவும் நலமில்லை.

என் பெர்மிட் மே மாதத்தோடு முடிந்துவிட்டது. நீட்டிக்கக் கேட்டு மனு போட்டிருக்கிறேன். முடிவு வரும் வரை இங்கே இருக்கலாம், வேலை செய்யலாம். ஆனால் இந்த நாட்டை விட்டு வெளியே காலை எடுத்து வைத்தால், என் விஷயத்தில், திரும்பி உள்ளே வர வழியில்லை. விசாவும் இல்லை, மனுவும் மூடிப்போகும். வக்கீலிடம் மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் அதையேதான் சொன்னார். நான்காவது தடவை என்னைப் பார்த்ததும் அவருக்கே பாவமாகிவிட்டது.

நான் உனக்கு எழுதிய கணக்கு பொய்யில்லை. இங்கிருந்து அங்கே மூன்று ஷிப்ட்தான். அங்கிருந்து இங்கே எவ்வளவு என்றுதான் நீங்கள் யாரும் கேட்கவில்லை. அதற்குக் கணக்கே கிடையாது.

வேலையைப் பார்த்து நான் பயப்படவில்லை. கிடங்கு வேலையில் என்ன இருக்கிறது? ஆனால் என்னை இங்கே அனுப்பியது யார்? நம் அம்மா. "இந்த லைன்லேர்ந்து ஒருத்தனாவது தப்பிச்சுப் போவணும். நீ திரும்பி வந்து நின்னா நான் கதவத் தெறக்க மாட்டேன்" என்று சாம்பியன் ஸ்டேஷனிலேயே சொல்லி ரயில் ஏற்றியவள். இப்போது எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு அவள் எதிரில் போய் நின்றால், அதைப் பார்த்துவிட்டா அவள் சாக வேண்டும்? வராமல் இருந்தால், என்னைப் பார்க்காமலேயா சாக வேண்டும்? தினமும் காலையில் ஷிப்ட் முடிந்து பேருந்தில் உட்கார்ந்து இதையே நினைக்கிறேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிடுகிறேன்.

நீ சொல் நிலா. வா என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் வந்துவிடுகிறேன்.

வேந்தன்

*

சாம்பியன் ரீப்ஸ்,
9 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணா,

உன் உடம்பைப் பார்த்துக்கொள். பத்து நாளாக உனக்குப் பதில் எழுதாதது கோபத்தால் இல்லை. நீ பிடிக்க முடியாத பாம்பை என் கையில் கொடுத்துவிட்டாய். வா என்று சொன்னால் உன் வாழ்க்கை போகும். வராதே என்று சொன்னால் அம்மா முகத்தில் விழிக்க முடியாது. நான் இரண்டையும் சொல்லப் போவதில்லை.

செவ்வாய்க்கிழமை கோலாரில் மெஷினை நிறுத்திவிட்டார்கள். இனிமேல் போட்டால் மெஷினிலேயே உயிர் போய்விடும், வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார் டாக்டர். எத்தனை நாள் என்று கேட்டதற்கு, சொந்தக்காரர்களை வரச் சொல்லுங்கள் என்றார். நமக்கு வர வேண்டிய சொந்தம் நீ ஒருத்தன்தான்.

இன்று காலையில் அம்மாவுக்கு மூச்சு முட்டியது. கண் மேலே போய்விட்டது. நானும் ஷோபா அக்காவும் நிமிர்த்தி உட்கார வைத்து மாரைத் தேய்த்தோம். எனக்கு என்ன தோன்றியதோ, காதில் குனிந்து, "அம்மா, அண்ணன் கிளம்பிட்டான்மா! பிளேன் ஏறிட்டான்!" என்று கத்திவிட்டேன்.

கண்ணைத் திறந்தாள் அண்ணா. சத்தியமாகச் சொல்கிறேன், திறந்தாள். "எப்போ?" என்றாள்.

"இப்பத்தான்மா. மூணு ஷிப்டுல வந்துடுவான்."

ஒரு வாய் கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாள். மாமா அழுதுகொண்டே போனை எடுத்து டொராண்டோ விமானத்தைக் கண்டுபிடித்தார். அவரும் நம்பிவிட்டார். கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அம்மா, "எங்க கீறான்?" என்று கேட்கக் கேட்க, "கடல் மேல கீறான், நல்லா வரான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நீ இனிமேல் போன் செய்யக் கூடாது. விமானத்தில் இருக்கிறவன் போன் செய்ய மாட்டான். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

வெண்ணிலா

*

டொராண்டோ,
9 அக்டோபர் 2025

நிலா,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. என்ன காரியம் செய்தாய்! நாளைக்கு அந்த விமானம் இறங்கிவிடுமே. இறங்கியதும் என்ன சொல்வாய்? அம்மா வாசலைப் பார்ப்பாளே!

கையில் போன் இருக்கிறது. அம்மா குரலைக் கேட்க முடியாது. பேசினால் நான் இங்கே இருக்கிறேன் என்று தெரிந்துவிடும். இருந்த ஒரே வழியையும் அடைத்துவிட்டாயே.

கோபத்தில் எழுதவில்லை. கஞ்சி குடித்தாள் என்று எழுதியிருந்தாய். எவ்வளவு குடித்தாள்?

வேந்தன்

*

சாம்பியன் ரீப்ஸ்,
10 அக்டோபர் 2025

அண்ணா,

அரை டம்ளர் குடித்தாள். இன்றைக்குக் கால் டம்ளர்.

விமானம் விடியலில் இறங்கியது. "எறங்கிட்டான் லீலா! டாக்சி புடிச்சா காலையில இட்லி துன்ன வந்துடுவான்!" என்று மாமா லைன் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். அம்மா என்னைத் தலை வாரிவிடச் சொன்னாள். பச்சைப் புடவையை மேலே போர்த்தச் சொன்னாள். வாசல் கதவை அகலமாகத் திறந்து வைத்தோம். லைனில் ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் கழுத்தைத் தூக்கினாள். ஒவ்வொரு தடவையும் அந்தக் கழுத்து திரும்பத் தலையணையில் விழும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

பத்து மணிக்கு மாமா என்னை வெளியே கூப்பிட்டார்.

"ஆளே ஏறலியா?" என்றார்.

தலையை ஆட்டினேன். உன் பெர்மிட் கதையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். "ஆள் ஏறிட்டான்னு கீழேர்ந்து மணி அடிச்சாத்தான் நான் கேஜ இழுப்பேன். என் சர்வீஸ்ல ஒரு நாளும் மணி தப்பா வந்ததில்ல" என்றார். பிறகு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

"லீலா, அவன் லண்டன்ல மாட்டிகினான். மழையாம். மொதோ பிளேன் லேட்டாப் போயி, அடுத்ததப் புடிக்க முடியல. இன்னிக்கு சாயங்காலம் ஏத்தி விடுறாங்களாம்."

அம்மா அவரை ரொம்ப நேரம் பார்த்தாள். "லண்டன் வரைக்கும் வந்துட்டானா?" என்றாள்.

"வந்துட்டான்மா. முக்கால் தூரம் வந்துட்டான்" என்றேன். முக்கால் தூரமா, பாதி தூரமா, எனக்கு என்ன தெரியும்?

சாயங்காலம் மறுபடி ஒரு விமானத்தைப் பார்க்க வேண்டும். நாளைக்கு அதுவும் இறங்கும். அதற்குப் பிறகு என்ன சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை, மாமாவுக்கும் தெரியவில்லை. உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

வெண்ணிலா

*

சாம்பியன் ரீப்ஸ்,
11 அக்டோபர் 2025, மதியம்

அன்புள்ள அண்ணா,

இதை உட்கார்ந்துகொண்டு படி.

அம்மா போய்விட்டாள். இன்று விடிந்து கொஞ்ச நேரத்தில். உனக்கு இரண்டு தடவை போன் செய்தேன், அணைத்து வைத்திருந்தது. ஷிப்டில் இருப்பாய், லாக்கரில் இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஓடி வர முடியாதவனை வேலை இடத்தில் எதற்கு உடைக்க வேண்டும்?

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். இரண்டாவது விமானம் இறங்கக் கொஞ்ச நேரம் இருந்தது. மாமா நாற்காலியிலேயே இருந்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டே, "எங்க கீறான்?" என்றாள்.

"கடலு தாண்டப் போறான்" என்றார் மாமா.

"ரெண்டு நாளா குந்திகினே கீறான். காலு வீங்கிப் பூடும்."

நான் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். என் கையைத் தட்டினாள். "நிலா, அவன எறங்கச் சொல்லுடி."

"எறங்கப் போறான்மா, இதோ பெங்களூர்ல..."

"இங்க இல்ல. அவன் எங்க கீறானோ அங்கியே எறங்கச் சொல்லு. அங்கியே இருக்கட்டும். இங்க வர வேணாம்." மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள். "ணா, அந்தப் போன அணைச்சிடுணா. எம்புள்ளய எத்தினி வாட்டி எறக்குவ நீ?"

மாமா அணைத்தார். போனைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது அண்ணா. நேற்று லண்டன் என்று கேட்டபோதே தெரிந்ததா, நான் கத்திய அன்றே தெரியுமா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தும் கஞ்சி குடித்தாள். தெரிந்தும் தலை வாரிக்கொண்டாள். அதற்குப் பிறகு பேசவில்லை. தூங்குகிறாள் என்றே நினைத்தோம்.

பாபுவும் மற்றவர்களும் வந்து கேட்டார்கள். "மகன் வரானா? வெக்கணுமா?" நம் பக்கத்தில் மகன் எத்தனை தூரத்தில் இருந்தாலும் ஐஸ் பெட்டி கொண்டுவந்து வைத்துக் காத்திருப்பார்கள், உனக்குத் தெரியும். மூன்று ஷிப்ட்தானே, ஒரு நாள் வைக்கலாமே என்றுகூட ஒருத்தர் சொன்னார். யாருக்காகவும் வைக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அம்மா உன்னை அங்கேயே இறக்கிவிட்ட பிறகு யாருக்காக வைக்க? பத்து மணிக்கு எடுத்தோம். பஞ்சசீலம் சொல்லி, முதல் பிடி மண் நான் போட்டேன். அப்பாவுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. இப்போதுதான் குளித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

உன் மேல் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. நீ வராமல் இருந்ததுதான் நல்லது. அம்மா கடைசியாகக் கேட்டதும் அதுதான். மனு முடியும் வரை அங்கேயே இரு. இங்கே ஓடி வர நினைக்காதே.

அழுதுவிடு. அழுதுவிட்டுச் சாப்பிடு.

உன் தங்கை,
வெண்ணிலா

*

அட்லாண்டிக் கடலுக்கு மேல்,
11 அக்டோபர் 2025

அன்புள்ள நிலாவுக்கு,

நலமா? அம்மா எப்படி இருக்கிறாள்? நான் ரொம்ப நாளைக்குப் பிறகு நலமாக இருக்கிறேன்.

ஏறிவிட்டேன். பொய் இல்லை, நிஜமாகவே ஏறிவிட்டேன். உன் கடைசி மெயிலைப் படித்துவிட்டு வேலைக்குப் போகவில்லை. அம்மா கழுத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள் என்று எழுதியிருந்தாய். அதற்கு மேல் எனக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. டிக்கெட் எடுத்தேன், இரண்டு சட்டையைப் பையில் திணித்தேன், கிளம்பிவிட்டேன். வக்கீலுக்கு மட்டும் ஒரு வரி எழுதினேன். கவுண்டரில் ஒரு அம்மா பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து, திரும்பி வர விசா இல்லையே என்றாள். தெரியும் என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு போர்டிங் பாஸைக் கொடுத்தாள்.

உனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை என்று கோபப்படாதே. வருகிறேன் வருகிறேன் என்று எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்! வண்டி தரையை விட்டு எழும்பும் வரை என்னையே நான் நம்பவில்லை. பயந்து எழுந்து ஓடிவிடுவேனோ என்று போனை அணைத்துப் பைக்குள் அடியில் போட்டுவிட்டேன். இப்போது ஓட இடமில்லை. கீழே கடல்தான்.

எதிர் சீட்டு முதுகில் ஒரு திரை இருக்கிறது. அதில் ஒரு குட்டி விமானம் நகர்கிறது. அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் இருக்கிறவர் சினிமா பார்க்கச் சொல்கிறார். மாமாவைச் சாயங்காலம் அந்த ஆப்பை எடுத்து உட்காரச் சொல். இந்தத் தடவை ஆள் ஏறியிருக்கிறான், மணி சரியாகத்தான் அடித்திருக்கிறது என்று சொல். அம்மா எங்க கீறான் என்று கேட்டால் நீங்கள் இனிப் பொய் சொல்லத் தேவையில்லை. நீ சொன்னது எல்லாமே நாளைக் காலையில் உண்மையாகிவிடும், இரண்டு நாள் தாமதம், அவ்வளவுதான். அதற்கு அம்மா என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும். கதவைத் திறக்க மாட்டேன் என்று சொன்னவள், நீ அகலமாகத் திறந்து வை.

பெர்மிட் போனதைப் பற்றி எனக்குக் கவலையில்லை நிலா. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் கஞ்சி என் கையால் கொடுத்தால் போதும். பெங்களூரில் உன்னோடு ஏதாவது ஒரு வேலைக்கு ரயிலில் போகிறேன். நாலு பேர் சீட்டில் எட்டாவது ஆளாக உட்கார்ந்துகொள்கிறேன்.

அம்மாவைக் கொஞ்சம் பிடித்து வை. ராத்திரி ஒன்றுதான் பாக்கி.

இங்கே நெட்வொர்க் இல்லை. லண்டனில் இறங்கி போனைத் திறந்தால் இது தானாக வந்து சேரும். நீ பதில் எழுதி நேரத்தை வீணாக்காதே, அம்மா பக்கத்திலேயே இரு. சொல்ல வேண்டியதை எல்லாம் அவள் வாயாலேயே கேட்டுக்கொள்கிறேன்.

வந்துகொண்டிருக்கும் உன் அண்ணன்,
வேந்தன்